கம்பில் அரளிப்பூ கட்டிய படை

கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு ஊருக்குத் திரும்புகிறவனை ஒரு வருடத்துக்காவது எந்தப் பொதுக்காரியத்திலும் சேர்க்கக் கூடாது. புது மூக்குக்கண்ணாடி போட்டவன் தரை எங்கே இருக்கிறதென்று தெரியாமல் காலைத் தூக்கித் தூக்கி வைப்பானே, அப்படித்தான் அவனும் நடப்பான். தடுக்கி அவன் மட்டும் விழுந்தால் பரவாயில்லை. நான் விழும்போது ஓர் ஏரியையும் ஒரு தேர்தலையும் பெற்ற தகப்பனையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விழுந்தேன்.

கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் ஊர். மாநிலம் கேரளம், பேச்சு கொங்கு, பஸ் பொள்ளாச்சிக்கு. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எல்லோரும் கைநாட்டு. நான் ஒருவன்தான் பொள்ளாச்சிக்குப் பஸ் ஏறிப் போய் பி.ஏ. படித்தேன், அதுவும் அரசியல். (கணக்குப் படித்திருந்தால் இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்பது அம்மாவின் கட்சி.) எழுபத்தைந்தாம் வருடம், பங்குனி மாதம். எனக்கு வேலை கிடைத்திருக்கவில்லை. ஆகவே உலகத்தைக் கவனித்துக்கொண்டிருந்தேன்.

உலகத்தில் அப்போது எனக்கு ரொம்பவும் பிடித்த நாடு போர்ச்சுகல். அதற்கு முந்தின வருடம்தான் அங்கே பட்டாளத்துக்காரர்களே நெடுங்காலத்துச் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்துவிட்டு, சனங்கள் கொடுத்த சிவப்புப் பூவைத் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டு தெருவில் நின்றிருந்தார்கள். இப்போது தேர்தல் நடக்கப் போகிறது. வாசகசாலைக்கு வரும் மலையாளப் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படித்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் தமிழில் விளக்குவேன். "ஒரு நாடு மக்களாட்சிக்கு மாறுகிற இடைக்காலம் இருக்குதே, அதுதான் ஆபத்து. அந்த நேரத்துல அதனோட பாதுகாப்புக்கு வெளிநாடுகள் தோள் கொடுக்கோணும்!"

"ஏந்தம்பி, அந்தப் போர்ச்சுகலு ஆனமலைக்கு இக்கட்டயா, அக்கட்டயா?" என்று சைக்கிள் கடைக்காரர் கேட்டார். மலைக்கு இந்தப் பக்கமாக இருந்தால் தானும் வந்து தோள் கொடுக்கலாம் என்று நினைத்திருப்பார் போலும்.

இந்த நிலையில்தான் எங்கள் ஏரிக்குத் தேர்தல் வந்தது.

ஏரி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஊருக்கு மேற்கே ஒரு கரை, ஒரு மதகு, அதிலிருந்து ஒரு வாய்க்கால். மதகை யாருக்கு எப்போது திறப்பது என்று தீர்மானிப்பவர் பண்ணாடி. எங்கள் பக்கத்தில் பெரிய நிலக்காரரைப் பண்ணாடி என்போம். அவர் தாத்தா தீர்மானித்தார், அப்பா தீர்மானித்தார், பிறகு இவர். கெட்ட மனிதர் அல்ல. ஆனால் தண்ணீர் அவர் வயலில் நுழைந்து, அவருடைய மச்சான்மார் வயல்களில் தங்கி இளைப்பாறி, கடைமடைக்கு வந்து சேரும்போது ஈரமாக மட்டும் இருக்கும். கடைமடையில் கடைசி வயல் எங்களுடையது. நிலச் சீர்திருத்தச் சட்டத்தில் எங்கள் கைக்கு வந்த நிலம். அதில் அப்பா கடலைக்காய் போட்டிருந்தார். பூத்து, விழுது இறங்கும் நேரம். இன்னும் இரண்டு தண்ணீர் பாய்ந்தால் காய் பிடிக்கும். பாயாவிட்டால் மாட்டுக்குக் கொடிதான்.

கடைமடைக்காரர்கள் எல்லோரும் போய்க் கேட்டதில், பண்ணாடியே சொல்லிவிட்டார்: "சேரி, ஓட்டுப் போட்டுக்கலாம். ஆரு செயிக்கறாங்களோ அவிய மதகுச் சாவிய வெச்சுக்கட்டும்." எதிர்த்து நிற்க ஆள் வேண்டுமே. எல்லோரும் என் அப்பாவைப் பார்த்தார்கள். பண்ணாடி எதிரே வந்தால் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரப்பை விட்டுச் சேற்றில் இறங்கி நிற்கிற மனிதர் அவர். கடலைக்காயை நினைத்துக்கொண்டு சரி என்று தலையாட்டினார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாசகசாலையில் படித்த இடைக்காலம் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது!

"அப்பா, தேர்தலுக்குப் பாதுகாப்பு வேணுமுங்க."

"எதுக்குக் கண்ணு? பண்ணாடி என்ன, என்னைய அடிக்கவா போறாரு?"

"இது வரைக்கும் அடிக்கலீங்க. இடைக்காலத்துலதான் அடிப்பாங்க."

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அதுவரை அந்த யோசனை அவருக்கு வந்திருக்கவே இல்லை.

உள்ளூர்க்காரர்களைக் காவலுக்குப் போட்டால் ஏதாவது ஒரு பக்கம் சாய்வார்கள். எனவே வெளிநாட்டு உதவி. எங்களுக்கு ஆகப் பக்கத்து வெளிநாடு தமிழ்நாடு. என்னோடு கல்லூரியில் படித்த துரைசாமி எல்லைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன், சடுகுடு குழுவுக்குத் தலைவன். ஒவ்வொருத்தனும் கரும்பாலை உருளை மாதிரி இருப்பான். போய்ச் சொன்னேன். போர்ச்சுகலைப் பற்றி அரை நாள் விளக்கினேன். துரைசாமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சேரி, நாங்க யாரப் புடிக்கோணும்?" என்றான்.

"யாரையும் புடிக்க வேண்டாம். சும்மா நிக்கோணும். கம்புல செவப்புப் பூ கட்டியிருக்கோணும்."

"பூவா?"

"அது சமாதானத்துக்கு."

இதைப் பண்ணாடியிடம் முறைப்படி தெரிவிக்கப் போனேன். (வேட்டியை மடித்துக் கட்டாமல், வெளியுறவு மந்திரி மாதிரி.) அவர் வெற்றிலையை மென்றபடி, "வரட்டுமப்பா. எத்தன பேரு? எங்கூட்டுல ஒல வெக்கச் சொல்லீர்றேன்" என்றார்.

"வேண்டாமுங்க. உங்க ஊட்டுல சாப்புட்டா அவிய நடுநிலை கெட்டுப் போயிருமுங்க."

மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுத்து அம்மா. "அப்ப நாமளே ஆக்கிப் போட்டர்லாமா?" என்று கேட்டாள். நம் வீட்டுச் சோறு தின்றால் இன்னும் மோசம், அப்பா வேட்பாளர் அல்லவா? துரைசாமியிடம் முன்னமே சொல்லியிருந்தேன்: படை தனக்கு வேண்டிய அரிசி, உப்பு, பாத்திரம், விறகு எல்லாம் தானே கொண்டுவர வேண்டும். இரு தரப்பிலும் ஒரு பருக்கைகூடத் தொடக்கூடாது. உலகத்தில் எந்தப் படையும் இவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது என்ற பெருமிதத்தில் அன்றைக்கு நான் இரண்டு கவளம் கூடுதலாகவே சாப்பிட்டேன்.

ஓட்டுச் சீட்டு விஷயமும் என் மூளைதான். சீட்டு அடித்தால் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. ஆகவே குடும்பத்துக்கு ஒரு கடலைக்காய். பண்ணாடிக்கு ஒரு பானை, அப்பாவுக்குச் சுண்ணாம்புப் பட்டை அடித்த ஒரு பானை. ஊரெல்லாம் கடலைக்காய் கிடக்குமே, கள்ள ஓட்டு விழாதா? அதற்கும் வழி கண்டேன். அப்பா விதைக்கு வைத்திருந்ததில் நல்ல காய்களாகப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் காவிப் பொட்டு வைத்தேன். "கடலக்காய்க்குப் பொட்டு வெக்கற மொத ஆளு நீதாண்டா" என்றாள் அம்மா. நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

தேர்தலன்று காலை படை வந்து சேர்ந்தது. இரண்டு மாட்டு வண்டியில் வர வேண்டியவர்கள் நடந்து வந்தார்கள். ஏழெட்டுத் தடியர்கள், தோளில் சிலம்பக் கம்பு, கம்பு நுனியில் கொத்துக் கொத்தாகச் செவ்வரளி. வீதியில் நுழைந்ததுமே பெண்கள் குடத்தோடு ஓடிவந்து அவர்கள் காலில் தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டார்கள். எந்தக் கோயில் காவடி என்று கேட்டதற்குத் துரைசாமி, "சமாதானத்துக்குங்க" என்றான். "அப்படியொரு சாமியா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"வண்டி எங்கடா?" என்று கேட்டேன்.

"சோதனைச் சாவடில நிக்குது. அரிசிய எடுத்துக்கிட்டாங்க. வண்டியையும் பொழுதோட வந்து ஓட்டிக்கச் சொன்னாங்க."

அந்த நாட்களில் மாநில எல்லையைத் தாண்டி அரிசி போகக் கூடாது. எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரிந்த சங்கதி. எல்லையோரம் பிறந்து, பி.ஏ.யும் படித்த எனக்கு மட்டும் மறந்துவிட்டது. சாவடிக்காரர் ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம்: "ஏழெட்டுத் தடியனுக, கம்புல பூவு, வண்டில அரிசி. தேர்தல் காவலுங்கறீங்க. நான் நம்போணுமா?"

பாத்திரத்தையும் உப்பையும் ஆளுக்கொரு விறகுக் கட்டையையும் மட்டும் தலையில் சுமந்து வந்திருந்தார்கள். "பரவாயில்ல" என்று துரைசாமியின் தோளில் தட்டினேன். "மத்தியானத்துக்குள்ள ஏதாச்சும் ஏற்பாடு பண்றேன்."

பண்ணவில்லை. மறந்துவிட்டேன். ஜனநாயகம் நடந்துகொண்டிருந்தது அல்லவா!

உண்மையிலேயே அழகாகத்தான் நடந்தது. களத்துமேட்டுச் சாளையில், அதாவது தானியக் கொட்டகையில், பானைகள் இரண்டும் உட்கார்ந்திருக்க, ஒவ்வொருவராக உள்ளே போய்ப் பொட்டுக் கடலைக்காயைப் போட்டுவிட்டு வந்தார்கள். வாசலில் பூங்கம்புப் படை. எவனும் எவனையும் அடிக்கவில்லை. முறைக்கக்கூட இல்லை. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது. உச்சிப் பொழுதுக்குள் எல்லோரும் போட்டு முடித்துவிட்டார்கள். "எண்ணீர்லாமா?" என்றார் பண்ணாடி.

"உடனே எண்ணக் கூடாதுங்க. சனங்களோட கொதிப்பு அடங்கோணும். பொழுதோட எண்ணலாமுங்க."

கொதித்துக்கொண்டிருந்தது அங்கே வெயில் ஒன்றுதான். ஆனாலும் படித்த பையன் சொல்கிறானே என்று கலைந்து போனார்கள். படையைப் பானைகளோடும் ஒரு குடம் தண்ணீரோடும் சாளைக்குள் விட்டு, வெளியே பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டேன். "உள்ள யாரும் வரக்கூடாது. நீங்களும் வெளிய வரக்கூடாது" என்றேன். ஜன்னல் கம்பிக்குப் பின்னாலிருந்து துரைசாமி, "சோறு?" என்றான்.

"நடுநிலைடா" என்றேன்.

வீட்டில் கொள்ளுப் பருப்பு, கடைந்த கீரை, மோர். "அவியளுக்கு?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கும் அதே பதில். "கெரகம்" என்றாள். எதை என்று நான் கேட்கவில்லை. பாயைப் போட்டுப் படுத்தேன். நிம்மதியான தூக்கம். ஒரு தேசத்தின் பாதுகாப்பை உறுதி செய்தவனுக்கு வருகிற தூக்கம்.

பொழுது சாயும் நேரத்தில் ஊரே களத்துமேட்டில் கூடியது. நான் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தேன். பத்தடி இருக்கும்போதே ஒரு வாசம் வந்தது. உப்புப் போட்டு வேகவைத்த கடலைக்காய் வாசம். யார் வீட்டிலோ நல்ல பலகாரம் என்று நினைத்துக்கொண்டேதான் பூட்டைத் திறந்தேன்.

சாளை நடுவில் மூன்று கல் அடுப்பு. அதன்மேல் படையின் பாத்திரம். சுற்றிலும் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த சர்வதேச சமூகம். நடுவில் கடலைத் தொலி ஒரு குவியல், அதில் அங்கங்கே என் காவிப் பொட்டு. பானைகள் இரண்டும் கவிழ்ந்திருந்தன. கழுவி வைத்திருந்தார்கள்.

"டேய்!" என்றேன். அதற்குமேல் அரசியல் பாடத்தில் சொல் எதுவும் இல்லை.

துரைசாமி எழுந்து நின்றான். கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான். "தப்பா நெனைக்காதீங்க. பசி தாங்காமத் தின்னு போட்டமுங்க. ஆனா ஒரு பக்கமுஞ் சாயலீங்க. இந்தப் பானைல ஒண்ணு, அந்தப் பானைல ஒண்ணுன்னு மாத்தி மாத்தித்தான் எடுத்தமுங்க."

பின்னாலிருந்து ஒரு படைவீரன் சோகமாகச் சொன்னான்: "பத்தவும் இல்லீங்க. ஊருல இன்னுங் கொஞ்சம் சனம் இருந்திருக்கலாம்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீழே உட்கார்ந்து தொலியை எண்ண ஆரம்பித்தேன். எது எந்தப் பானைத் தொலி என்று யாருக்குத் தெரியும்? அதெல்லாம் எனக்குத் தோன்றவில்லை. பொட்டு வைத்த தொலி, பொட்டு அழிந்த தொலி, இரண்டாகப் பிளந்த தொலி என்று பிரித்துக்கொண்டிருந்தேன். "ஏந்தம்பி, ரெண்டாப் பொளந்தா ரெண்டு ஓட்டா?" என்று சைக்கிள் கடைக்காரர் குனிந்து கேட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

பண்ணாடி மட்டும் சிரிக்கவில்லை. பானைகளை அவர் பார்க்கவே இல்லை. துரைசாமியிடம், "காத்தால இருந்து சோறு திங்கலியா சாமி?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

"ஆரும் போடலியா?"

துரைசாமி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தரையைப் பார்த்தான். அதற்கு என்னைக் காட்டிக்கொடுத்தே இருக்கலாம்.

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் வெளியூரிலிருந்து வாசலுக்கு வந்தவர் எவரானாலும் ஒறம்பரைதான், உறவுக்காரர் மாதிரி. பகையாளி வீட்டு ஆளாக இருந்தாலும் முதலில் கை நனைத்துவிட்டுத்தான் சண்டை. அப்படிப்பட்ட ஊரில் வந்த ஒறம்பரையைப் பட்டினி போட்டுப் பூட்டியும் வைத்தாகிவிட்டது. இந்தச் சேதி எல்லை தாண்டிப் போனால் இந்த ஊருக்கு யார் பெண் கொடுப்பார்கள், யார் எடுப்பார்கள்? ஓட்டு, மதகு எல்லாம் எல்லோருக்கும் மறந்துபோனது. ஆளாளுக்கு வீட்டுக்கு ஓடினார்கள். பண்ணாடி வீட்டிலிருந்து அரிசி, எங்கள் வீட்டிலிருந்து பருப்பு, யார் வீட்டுக் கோழி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. களத்துமேட்டில் இலை விழுந்தது. பண்ணாடி சோறு போட, அப்பா பருப்பு ஊற்றினார். அரளிக் கம்புகளைச் சுவரில் சாத்திவிட்டுப் படை சாப்பிட்டதே, அதைப் பார்த்த பிறகு கடலைக்காய் விஷயத்தில் அவர்கள் எவ்வளவு அடக்கமாக நடந்துகொண்டார்கள் என்பது எனக்குப் புரிந்தது.

கை கழுவியதும் மறு ஓட்டு. இந்த முறை கொட்டமுத்து. (ஆமணக்கு விதை. அம்மாவின் யோசனை. அதைத் தின்றால் என்ன ஆகும் என்று படைக்கும் தெரியும்.) உடனே எண்ணினார்கள். என்னைக் கிட்டே விடவில்லை. அப்பாவின் பானையில் அடி தெரிந்தது. பண்ணாடியின் பானை நிறைந்து கிடந்தது. மதகுச் சாவி இருந்த இடத்திலேயே தங்கிவிட்டது.

வரப்பில் அப்பா முன்னால் நடக்க நான் பின்னால் போனேன். எங்கள் வயலில் கடலைச் செடி இலை மடித்து நின்றது. "நம்ம கடைமடைக்காரங்ககூட ஓட்டுப் போடலியேப்பா" என்றேன்.

"எப்பட்றா போடுவாங்க? ஒறம்பரையப் பட்டினி போட்ட ஊட்டுக்காரன்கிட்டச் சாவியக் குடுக்கறதா?" வாய்க்காலைத் தாண்டி நின்று திரும்பினார். "நானே போடலீடா."

"என்னங்கப்பா?"

"நானும் பண்ணாடிக்குத்தான் போட்டேன். மனசு கேக்கல."

தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட முடியாத நிலைக்கு ஒரு வேட்பாளரைக் கொண்டுவர எவ்வளவு படிக்க வேண்டும்! நான் வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடவில்லை. யாரும் வற்புறுத்தவும் இல்லை.

மறுநாள் காத்தால அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கக்கத்தில் அல்ல, தோளில். பயந்துபோய் நானும் பின்னால் போனேன். பண்ணாடி வீட்டு வாசலில் நின்று, "ஏனுங்க" என்றார். பண்ணாடி எட்டிப் பார்த்தார்.

"நேத்து உங்களுக்கு ஓட்டுப் போட்டனுங்க. என்ற கடலக்காட்டுக்குத் தண்ணி வேணுமுங்க."

பண்ணாடிக்கு ஒன்றும் புரியவில்லை. "எனக்கா? நீயா?"

"ஆமாங்க. போட்டதுக்குத்தான் கேக்க வந்தனுங்க."

அவ்வளவு காலமும் தண்ணீருக்காகக் கும்பிட்டிருக்கிறார், காத்திருந்திருக்கிறார். அப்படிக் கேட்டதேயில்லை. அன்று உச்சிப் பொழுதுக்கு வாய்க்காலில் தண்ணீர் எங்கள் கடைமடை வரைக்கும் வந்தது, ஈரமாக அல்ல, தண்ணீராகவே. அப்பாவைப் பார்த்து அடுத்த நாள் பக்கத்து வயல்காரர் போனார். அதற்கடுத்த நாள் நாலு பேர். எல்லோரும் வாசலில் நின்று, "உங்களுக்குத்தான் ஓட்டுப் போட்டனுங்க" என்று ஆரம்பித்தார்கள். பண்ணாடிக்குக் காத்தால வெற்றிலை போட முடியவில்லை. "ஓட்டுப் போட்டா இந்த எளவெல்லாம் வருமுன்னு தெரிஞ்சிருந்தா நின்னே இருக்கமாட்டனே" என்று புலம்பிக்கொண்டு, அடுத்த வருடமே சாவியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்கு எந்த வெளிநாட்டு உதவியும் தேவைப்படவில்லை.

இதற்கிடையில், தேர்தல் நடந்த அதே வருடம் ஆனி மாதம் நம் நாட்டிலேயே நெருக்கடி நிலை வந்துவிட்டது. போர்ச்சுகலுக்கு உரக்கப் புத்தி சொன்ன நான், வாசகசாலையில் மூலையாகப் பார்த்து உட்கார்ந்து திரைப்பட விளம்பரம் படித்தேன். "என்ன தம்பி, வெளிநாட்டுக்காரங்களுக்குச் சொல்லியுடறதுதானே?" என்று சைக்கிள் கடைக்காரர் காதோடு கேட்டார். தாளைத் திருப்பினேன்.

எங்கள் வீட்டுக்கு அன்று விழுந்த பெயர் 'போர்ச்சுகலாரு ஊடு.' தபால்காரர்கூட அப்படித்தான் விசாரிப்பார். என் கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் ஐயர் பேசுவதற்குள் பண்ணாடி எழுந்து நின்று, "மொதல்ல படைக்கு எல போட்டாச்சா?" என்று சத்தமாகக் கேட்டார். பந்தலே சிரித்தது. முதல் வரிசையில் துரைசாமியும் அவன் குழுவும் கையை உயர்த்திக் காட்டினார்கள். மாப்பிள்ளை மணவறையில் தலைகுனிந்திருந்ததை வெட்கம் என்று பெண் வீட்டார் நினைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் காதுகுத்தோ, வளைகாப்போ, கிரகப்பிரவேசமோ, அந்தக் கேள்வி கேட்காமல் பந்தி ஆரம்பிப்பதில்லை. கோயமுத்தூரில் இருக்கும் என் மகள் தன் கணவனைச் சாப்பிடக் கூப்பிடுவதுகூட, "படை வரலாம்" என்றுதான்.

துரைசாமி வருடா வருடம் தையில் ஒரு பை கடலைக்காய் கொடுத்தனுப்புவான். தின்ற ஓட்டைத் திருப்பித் தருகிறானாம். மேலாக இருக்கும் ஒரேயொரு காய்க்குக் காவிப் பொட்டு வைத்திருப்பான். போன தையில் வந்த பையிலும் இருந்தது. அதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது அப்பா பானையிலா பண்ணாடி பானையிலா விழுந்திருக்கும் என்று நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டுக்கொண்டிருந்தபோது, என் மனைவி வந்து அதைப் பிடுங்கி, உடைத்து, இரண்டு பருப்பையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

"படை தின்னாச்சு. போயி வேலயப் பாருங்க."